பணிமனை வாசலில் மட்டும் ஒழுங்காகப் பாடும் ரேடியோ

சிங்கப்பூரின் ஈசூன் எம்ஆர்டி நிலையத்தில் மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஒரு மாலையில்தான் என் காரின் இடப்பக்க ஒலிபெருக்கி முதன்முதலாக வாய் மூடியது. ஒலி 96.8 வானொலியில் அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று ஆள் நகர்ந்து என் பக்கக் கதவுக்குள் புகுந்துகொண்டதுபோல் இருந்தது. வீடு வருவதற்குள் தானாகவே திரும்பி வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டார். அதோடு போயிற்று என்று நினைத்தேன்.

போகவில்லை. நான்கு மாதத்தில் மூன்று முறை பணிமனைக்குப் போனேன். மூன்று முறையும் அங்கே ரேடியோ தேனாகப் பாடியது. முதல் முறை ஒலிபெருக்கியை மாற்றினார்கள். இரண்டாம் முறை ரேடியோவையே மாற்றினார்கள். மூன்றாம் முறை, "ஒன்றும் இல்லையே, அண்ணே" என்று கையை விரித்தார்கள். கடைசியில் கோளாறு இருந்த இடம் கதவுக்கும் கார் உடலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் உறை. அதற்குள் ஒரே ஒரு வயர் பாதி அறுந்திருந்தது. அதைச் சரிசெய்ய ஆன பொருட்செலவு, கோப்பிக்கடையில் இரண்டு பேர் சாப்பிடும் காசுகூட இல்லை.

செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் மின்பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமாவிடம் அதற்கு முன்பே கேட்டிருந்தால் இரண்டு பொருளின் விலை மிஞ்சியிருக்கும். கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "எரிந்துபோனது எரிந்தேதான் கிடக்கும், மாப்பிள்ளை. வந்து வந்து போகிறதென்றால் பொருளைப் பார்க்காதே, பொருத்தத்தைப் பார்." பொருள் என்றால் ரேடியோ, ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர், ஒலிபெருக்கி. பொருத்தம் என்றால் அவற்றை இணைக்கும் கனெக்டர், திருகு, முடிச்சு, மடிப்பு. விதிவிலக்குகள் உண்டு, பின்னால் வருகின்றன. ஆனால் தேடலைத் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. கீழே இருப்பது, அவரிடம் கற்றதும் நானே கையைச் சுட்டுக்கொண்டு கற்றதும் சேர்ந்த வழிமுறை. மின்வேலை தெரியாதவர்களும் செய்யக்கூடியதாகவே எழுதுகிறேன்.

முதலில் குறிப்பேடு, அப்புறம் திருப்புளி

இரண்டு வாரம் எதையும் கழற்றாதீர்கள். கோளாறு வரும் ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள்: எத்தனை மணி, மழையா வெயிலா, கார் கிளம்பி எவ்வளவு நேரம் ஆயிற்று, குளிர்சாதனம் ஓடியதா, சாலையில் மேடுபள்ளம் இருந்ததா, திருப்பத்தில் வந்ததா, யார் யார் காரில் இருந்தார்கள், எந்தக் கதவு கடைசியாகத் திறந்து மூடப்பட்டது, ரேடியோவா புளூடூத்தா. ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்தால் அபராதம் காத்திருக்கிறது. அதனால் பக்கத்தில் இருப்பவரை எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் நிறுத்திய பிறகு எழுதுங்கள்.

"யார் காரில் இருந்தார்கள்" என்ற கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். என் குறிப்பேட்டில் பதினோரு பதிவுகள் சேர்ந்தபோது, பதினொன்றிலும் மனைவி இருந்தார். "நான் ஏறினால் உங்கள் ரேடியோவுக்குப் பேச்சு வராது" என்று அவரே சிரித்தார். அப்போதுதான் உறைத்தது. அவர் ஏறினால் இடப்பக்கக் கதவு திறந்து மூடும். பணிமனைக்கு நான் எப்போதும் தனியாகத்தான் போயிருக்கிறேன். அங்கே கதவைத் திறந்தார்கள்தான், ஆனால் அகலத் திறந்து வைத்தபடியே சோதித்தார்கள். மூடும்போது மட்டுமே பிரியும் அந்த வயர், திறந்த கதவில் நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறது.

என்ன நின்றது, என்ன நிற்கவில்லை

அடுத்ததாக, கோளாறு வரும் நேரத்தில் எவையெல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று பாருங்கள். இதற்கு ஒரு கருவியும் வேண்டாம், கவனம் போதும்.

ரேடியோவின் திரையும் சேர்ந்து அணைந்து, மீண்டும் வரும்போது நேரமும் சேமித்த அலைவரிசைகளும் அழிந்துவிட்டால், பேட்டரியிலிருந்து நேராக வரும் நிரந்தர மின்சாரம் அறுபடுகிறது. திரை அணைகிறது, ஆனால் நினைவு அழியவில்லை என்றால், சாவி போட்டால் மட்டும் வரும் மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம். கடையில் வாங்கிப் பொருத்திய ரேடியோக்களில் முதலாவது மஞ்சள் வயர், இரண்டாவது சிவப்பு, தரை இணைப்பு, அதாவது கார் உடலோடு சேரும் வயர், கறுப்பு. முன் இடது ஒலிபெருக்கிக்கு வெள்ளை, முன் வலதுக்குச் சாம்பல், பின் இடதுக்குப் பச்சை, பின் வலதுக்கு ஊதா; ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கோடு போட்ட ஜோடி எதிர்முனை (நெகட்டிவ்). நீலத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் அது ஆம்ப்ளிஃபையரை விழிக்கச் சொல்லும் வயர். கார் தயாரிப்பாளர் தொழிற்சாலையிலேயே போட்ட வயர்களுக்கு இந்த நிறக்கணக்கு பொருந்தாது. அங்கே அந்தந்தக் காரின் வயர் வரைபடம் வேண்டும்.

திரை எரிகிறது, எல்லா ஒலிபெருக்கிகளும் ஒன்றாக ஊமை என்றால் ஆம்ப்ளிஃபையரையும் அந்த நீல வயரையும் பாருங்கள். இங்கே புதியவர்கள் ஏமாறும் ஓர் இடம் உண்டு. தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத கார்களிலும் இப்படி நடக்கும். ஒரே ஒரு கதவில் ஒலிபெருக்கி வயரின் தோல் தேய்ந்து கார் உடலைத் தொட்டால், ரேடியோவின் உள்சுற்று தன்னைக் காத்துக்கொள்ள எல்லாப் பக்கமும் ஒலியை நிறுத்திவிடும். நான்கும் போயிற்று என்பதற்காக நான்கிலும் கோளாறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஒரே ஒலிபெருக்கி மட்டும் போய்வந்தால் வேலை எளிது. ரேடியோவின் பின்புறத்தில் முன் இடது, முன் வலது வயர்களை மாற்றிச் செருகிப் பாருங்கள். ஊமைத்தனம் வலப்பக்கம் தாவினால் ரேடியோ. இடப்பக்கத்திலேயே நின்றால் வயர் அல்லது ஒலிபெருக்கி. இந்த ஒரு சோதனையை அன்று யாராவது செய்திருந்தால் என் பழைய ரேடியோ இன்றும் காரில் இருந்திருக்கும்.

புளூடூத்தில் மட்டும் விட்டுவிட்டு வருகிறது, எஃப்எம் ஒழுங்காக இருக்கிறது என்றால் அது வயர் விவகாரமே இல்லை. வேறொரு கைப்பேசியில் சோதித்துவிட்டு இந்தக் கட்டுரையை மூடிவிடலாம். எஃப்எம் மட்டும் கரகரக்கிறது என்றால், முதலில் செருகியிருக்கும் மலிவான சார்ஜர்களையும் கார் கேமராவின் மின்னூட்டியையும் பிடுங்கிப் பாருங்கள். அவை கிளப்பும் இரைச்சல் வானொலி அலையில் கலப்பது சர்வ சாதாரணம்.

கருவிகளும் தொடக்கூடாதவையும்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் (மின்னழுத்தமும் மின்தடையும் அளக்கும் மீட்டர்), 12 வோல்ட் சோதனை விளக்கு, பிளாஸ்டிக் நெம்பி, டார்ச், கனெக்டர் துடைக்கும் தெளிப்பான், சில உபரி ஃபியூஸ்கள். ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவருக்குப் போனால் எல்லாம் ஒரே கட்டடத்தில் கிடைக்கும். எதிரே இருக்கும் சிம் லிம் சதுக்கத்துக்குள் தவறிப் போய்விட்டால் மடிக்கணினியோடு திரும்பும் அபாயம் இருக்கிறது.

மல்டிமீட்டர் இருக்கும்போது விளக்கு எதற்கு? ஒரு வயரில் இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். அது இழுக்கும் மின்னோட்டம் அவ்வளவு சொற்பம். சோதனை விளக்கு கொஞ்சமாவது சுமை தருவதால், நைந்த இணைப்பில் மங்கி எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். இரண்டும் வேண்டும்.

தொடக்கூடாதவை: ஸ்டீயரிங் தண்டின் அருகிலும் இருக்கைகளுக்கு அடியிலும் மஞ்சள் கனெக்டரோ மஞ்சள் உறையோ இருந்தால் அவை காற்றுப்பைக்கு உரியவை. விளக்கும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம், கையே வைக்காதீர்கள். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற வயர்கள் உயிரை வாங்கும் மின்னழுத்தம் கொண்டவை. சாலைக் கட்டணத்துக்கான ஓபியு கருவியின் முதன்மைப் பெட்டி பல கார்களில் முன்பயணியின் கால்வைக்கும் இடத்தில் இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கும்போது அது கண்ணில் பட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். அதன் வயரை ஆராய்வதற்கு அங்கீகாரம் பெற்ற பணிமனைகள் இருக்கின்றன.

பேட்டரியை உடனே கழற்றவும் வேண்டாம். பலர் முதல் வேலையாக எதிர்முனையைக் கழற்றுகிறார்கள். உறைந்துபோயிருந்த ரேடியோ அதனால் புத்துயிர் பெற்றுவிடும். கோளாறு தடயத்தோடு மறைந்துவிடும். சில கார்களில் ரேடியோ இரகசிய எண் கேட்டு அடம்பிடிக்கும். அளக்க வேண்டியதை அளந்த பிறகு, கனெக்டர் கழற்றும் கட்டத்தில் கழற்றினால் போதும்.

பேட்டரி, ஃபியூஸ்

இது சீக்கிரம் முடிந்துவிடும். சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும்; சில புதிய கார்களில் கணினி இதைக் கூட்டிக் குறைக்கும். சிங்கப்பூரில் நிறுத்திய காரின் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது குற்றம் என்பதால், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய வோல்ட்மீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு ஓட்டத்திலேயே பாருங்கள். கிளப்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து ரேடியோ ஒரு முறை அணைந்து வருவது இயல்பு. ஓடும் காரில் சரிவது இயல்பல்ல.

வாரத்துக்கு இரண்டு முறை பேரங்காடிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் கார், இரவெல்லாம் விழித்திருக்கும் கேமரா, இந்த ஊர் வெப்பம் மூன்றும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் தளரும். அந்தத் தளர்ச்சி முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் ரேடியோவில்தான்.

ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. போனதற்குப் பதில் பெரியதைப் போடுவது வயரையே ஃபியூஸ் ஆக்குவதற்குச் சமம். ஃபியூஸ் நன்றாக இருந்தாலும் அது உட்காரும் பிடி தளர்ந்திருக்கலாம். கார் கேமரா பொருத்துபவர்கள் ஃபியூஸ் துளையில் கிளை எடுக்கும் துண்டைச் செருகுகிறார்கள். துண்டு தடிமனாக இருந்தால் பித்தளைப் பிடி விரிந்துவிடும். பிறகு மேட்டில் ஏறினால் ரேடியோ அணையும், இறங்கினால் வரும். "கேமரா போட்ட பிறகுதான் இப்படி" என்று குறிப்பேடு சொன்னால் வேறெங்கும் தேடவே வேண்டாம்.

அசைத்துப் பார்க்கும் கலை

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. விட்டுவிட்டு வரும் கோளாறு தானாக வரும்வரை காத்திருந்தால் ஆயுள் போதாது. வரவழைக்க வேண்டும்.

சாவியைத் துணைமின் (ACC) நிலைக்குத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் ஒரு பாட்டை ஓடவிடுங்கள். இடைவெளி இல்லாத இசையாக இருக்கட்டும். மத்தளமும் மௌனமும் மாறி மாறி வரும் கச்சேரியைப் போட்டால் எது கோளாறு, எது தாளம் என்று தெரியாது, எனக்கு நேர்ந்தது. வீட்டில் யாராவது ஓர் ஆளைக் கதவோரம் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு நேரத்தில் ஒரே இடம். ரேடியோவின் பின் கனெக்டரை விரல் நுனியால் மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். பத்து எண்ணுங்கள். ஒன்றும் ஆகவில்லையா, ஒரு சாண் தள்ளி அடுத்த இடம். வயர்க்கட்டை மொத்தமாகப் பிடித்து உலுக்காதீர்கள். கோளாறு வந்தாலும் எங்கே வந்தது என்று தெரியாது. அதைவிட மோசம், அது சரியாகிவிட்டதுபோல் ஒரு மாதம் ஒளிந்துகொள்ளும். ஒலி அறுந்தால் கையை அப்படியே நிறுத்துங்கள். மகிழ்ச்சியில் விட்டுவிடாதீர்கள். எந்த விரல், எந்தப் பக்கம் அழுத்தியது என்று பார்த்து அந்த இடத்தில் காகித ஒட்டுநாடாவைச் சுற்றுங்கள்.

கதவுக்கு வருவோம். கார் வைத்திருக்கப் பத்தாண்டுக்குத் தரும் உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டும் கார் என்றால், ஒரு கதவு நாளைக்கு ஆறு முறை திறந்திருந்தாலே இருபதாயிரம் தடவைக்கு மேல் அந்த ரப்பர் உறைக்குள் வயர் மடிந்து நிமிர்ந்திருக்கிறது. செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளித்தோல் ஒன்றும் ஆகாததுபோல் இருக்கும். அதே உறைக்குள் ஓடும் சன்னல், பூட்டு வயர்களும் சேர்ந்து சேட்டை செய்தால் ஐயமே வேண்டாம்.

உறுதி செய்வது இப்படி. ரேடியோவின் பின்னால் கனெக்டரைக் கழற்றிவிட்டு, காரின் பக்கம் இருக்கும் கனெக்டரில் முன் இடது ஒலிபெருக்கியின் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். 4 ஓம் என்று அச்சிட்ட ஒலிபெருக்கி 3இலிருந்து 4க்குள் ஏதாவது காட்டும். உதவியாளர் கதவை மிக மெதுவாகத் திறந்து மூடட்டும். எண் துள்ளினாலோ முடிவிலிக்குத் தாவினாலோ ஆள் அகப்பட்டுவிட்டார். பிறகு ஒரு முனையை வயரிலும் மறுமுனையைக் காரின் வெற்று உலோகத்திலும் வைத்து அதே சோதனை. இங்கே எந்த எண்ணும் வரக்கூடாது. வந்தால் வயர் எங்கோ உடலைத் தொடுகிறது. முன்னே சொன்ன, எல்லாம் ஒன்றாக ஊமையாகும் கதைக்கு அதுதான் காரணம்.

ரேடியோ இணைந்திருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். இன்றைய ரேடியோக்களில் ஒலிபெருக்கியின் இரண்டு வயர்களிலுமே, உடலோடு ஒப்பிட்டால், பேட்டரியில் பாதி, அதாவது 6 வோல்ட் அளவில் மின்னழுத்தம் நிற்கும். இரண்டில் எதையும் உடலில் தட்டவிடக்கூடாது. அந்தக் காலத்தில் எதிர்முனையைக் கார் உடலிலேயே கட்டியவர்கள் இன்னும் அதே நினைப்பில் கட்டி, புது ரேடியோவை முதல் நாளே மௌன விரதம் இருக்க வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒலிபெருக்கி உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு 1.5 வோல்ட் பேட்டரி போதும். இரண்டு முனைகளிலும் கண நேரம் தொட்டு எடுங்கள். "டப்" என்று கேட்டால் அதற்கு உயிர் இருக்கிறது.

ஓடும்போது மட்டும் வந்தால்: இரண்டு பல்பு

நின்ற காரில் எவ்வளவு அசைத்தாலும் வராமல், தீவு விரைவுச்சாலையில் ஏறினால் மட்டும் வரும் கோளாறு ஒன்று உண்டு. திரையும் சேர்ந்து அணையும் வகை என்றால் மாமாவின் வித்தையைச் செய்யுங்கள். 5 வாட் அளவில் இரண்டு சிறிய 12 வோல்ட் இழை பல்புகள். ஒவ்வொன்றின் வயரிலும் 1 ஆம்பியர் ஃபியூஸ். முதல் பல்பின் ஒரு முனையை ரேடியோவுக்கு வரும் சிவப்பிலும் மறுமுனையைச் சுரண்டிய கார் உலோகத்திலும் இணையுங்கள். இரண்டாவதை மஞ்சளுக்கும் ரேடியோவின் கறுப்புக்கும் நடுவில் இணையுங்கள். துணியிலும் பிளாஸ்டிக்கிலும் படாமல் டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிட்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு கிளம்புங்கள். பார்ப்பது அவர் வேலை, ஓட்டுவது மட்டும் உங்கள் வேலை.

ரேடியோ அணையும்போது முதல் பல்பும் அணைந்தால் சிவப்பு வழி: சாவித்துளையின் சுவிட்ச், அதன் ஃபியூஸ், இடையில் உள்ள முடிச்சு. இரண்டாவது அணைந்தால் மஞ்சள் அல்லது கறுப்பு. எது என்று பிரிக்க, இரண்டாவது பல்பின் கறுப்பு முனையைக் கார் உலோகத்துக்கு மாற்றி இன்னொரு சுற்று போய்வாருங்கள். இப்போதும் அணைந்தால் மஞ்சள். அணையாமல் ரேடியோ மட்டும் அணைந்தால் கறுப்பு, அதாவது தரை இணைப்பு. எப்படி மாற்றினாலும் இரண்டும் எரிந்துகொண்டே இருக்க ரேடியோ மட்டும் அணைந்தால், அப்போதுதான் ரேடியோவைக் குற்றம் சொல்லலாம். வீடு வந்ததும் இரண்டாவது பல்பைப் பிடுங்கிவிடுங்கள். மஞ்சளில் எப்போதும் மின்சாரம் இருப்பதால் இரவெல்லாம் எரிந்து காலையில் கார் கிளம்பாது.

மீட்டரில் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவை நினைவில் வைக்கும் வசதி இருந்தால் அதையும் இப்படிப் பயன்படுத்தலாம். ஆனால் மலிவான மீட்டர்கள் கண்ணிமைக்கும் நேரச் சரிவைத் தவறவிடும். பல்பு தவறவிடாது.

மழையும் வெயிலும்

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. குளிர்சாதனமும் ஆண்டு முழுதும் ஓடுகிறது. குறிப்பேட்டில் "மழை" என்ற சொல் அடிக்கடி வந்தால் இரண்டு இடங்களை முதலில் பாருங்கள். கூரை ஏரியலின் அடியில் உள்ள ரப்பர் வெடித்திருந்தால் நீர் ஏரியலின் சிறு ஆம்ப்ளிஃபையருக்குள் இறங்கும். எஃப்எம் மட்டும் மங்கும். முன்பயணியின் கால்பக்கக் கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரமாக இருந்தால் குளிர்சாதனத்தின் வடிகால் குழாய் அடைத்திருக்கலாம், கூரைச் சன்னல் உள்ள காரில் அதன் வடிகாலும் அடைத்திருக்கலாம். இருக்கைக்கு அடியில் ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்களின் கனெக்டர்கள் அந்த ஈரத்தில்தான் ஊறுகின்றன. கழற்றிப் பார்த்தால் செம்பில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். தெளிப்பானால் துடைத்தால் பாட்டு வந்துவிடும். ஆனால் வடிகாலை அடைத்த குப்பையை எடுக்காவிட்டால் அடுத்த மாதம் மறுபடி அதே கதை.

வெயில் வேறு விதம். திறந்தவெளியில் பகல் முழுதும் நின்ற கார், கிளம்பிய கால் மணி நேரம் ஊமையாக இருந்து, உள்ளே குளிர்ந்ததும் பாட ஆரம்பித்தால் ரேடியோவின் உள்ளே ஒரு ஈயப்பற்று விரிசல் கண்டிருக்கலாம். மாமாவின் விதிக்கு விதிவிலக்கு என்றேனே, இதுதான். அப்போதும் அது உள்ளே இருக்கும் ஒரு பொருத்தம்தான் என்பார் அவர். இதற்கு நேர்மாறாக, முதலில் பாடி, சத்தத்தைக் கூட்டி அரை மணி நேரம் ஆனதும் அணைந்து, கொஞ்சம் ஆறியதும் திரும்பினால், ஆம்ப்ளிஃபையர் சூடேறித் தன்னை நிறுத்திக்கொள்கிறது. அதன் மேல் குடை, கோவில் பிரசாதப் பை, பழைய செய்தித்தாள் என்று என்னென்ன கிடக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

தரை இணைப்பு

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் "ஊஊய்ங்" என்ற முனகல் கேட்டால் தரை இணைப்பை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையை ஆம்ப்ளிஃபையரின் தரைத் திருகிலும் மறுமுனையை பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்து, பாட்டைச் சத்தமாகப் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2ஐத் தாண்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. பெரும்பாலும் திருகுக்கு அடியில் வண்ணப்பூச்சு இருக்கும். வெற்று உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் உள்ள வளையம் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் பல வருடம் பேசாது.

சரிசெய்யும்போது

கண்டுபிடித்த சந்தோஷத்தில் இரண்டு வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடாதீர்கள். இந்த ஊர் வெப்பத்தில் டேப்பின் பசை உருகி வழிந்து ஒரே வருடத்தில் தானாக அவிழும். நான் திறந்து பார்த்த பழைய வேலைகளில் பாதிக்கு மேல் இதுதான். வயரைத் துளைத்துக் கவ்வும் பிளாஸ்டிக் கிளிப்புகளும் அப்படியே. சில இழைகளை அவையே வெட்டிவிடுகின்றன.

கதவு உறைக்குள் அறுந்த வயருக்கு, அறுந்த இடத்தில் ஒட்டுப்போட வேண்டாம். அங்கே ஒட்டு விறைப்பாக இருக்கும், அதன் ஓரத்தில் மறுபடி ஒடியும். உறைக்கு வெளியே, கதவின் உள்ளே ஓர் இடத்திலும் டேஷ்போர்டின் பக்கம் ஓர் இடத்திலுமாக வெட்டி, நடுவில் புதிய வளையும் வயரை ஓடவிடுங்கள். நிறைய மெல்லிய இழைகள் கொண்ட முழுச் செம்பு வயராக வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயர் மடிப்பில் நிற்காது. சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், கடையிலேயே பார்த்துவிடலாம். இணைப்புகளை நெரித்துப் பொருத்தி, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள்.

பணிமனையிடம் விடுவதென்றால்

ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் கண்ணாடி இழையிலோ தரவுக் கம்பியிலோ பேசிக்கொள்கின்றன. அங்கே மேலே சொன்ன நிறங்களும் பல்பும் உதவாது. உத்தரவாதம் மிஞ்சியிருக்கும் காரில் வயரை வெட்டினால் முகவர் அதையே காரணம் காட்டக்கூடும். இந்த இரண்டு நிலையிலும் கருவியைக் கீழே வைத்துவிடுங்கள்.

ஆனால் பணிமனைகள் இருக்கும் காக்கி புக்கிட்டுக்கோ சின் மிங்குக்கோ வெறுங்கையோடு போகாதீர்கள். "பாட்டு நின்று நின்று வருகிறது" என்று சொன்னால் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த பொருளை மாற்றுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அங்கே அது பாடிக்கொண்டல்லவா இருக்கும்? "முன் இடது மட்டும், கதவை மூடிய பிறகு, மழை சம்பந்தமில்லை, வயர்களை மாற்றிச் செருகியும் இடத்திலேயே நிற்கிறது" என்று குறிப்பேட்டை நீட்டுங்கள். கோளாறு வந்த நேரத்தில் உடன் இருந்தவர் எடுத்த காணொளி இருந்தால் இன்னும் நல்லது. பொருள் மாற்றுவதற்கு முன் கண்டுபிடிக்கும் கூலி எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். அதைக் கொடுக்கத் தயங்கித்தான் நான் ஒரு ரேடியோவும் ஓர் ஒலிபெருக்கியும் வாங்கினேன். முடிந்தால் கோளாறை வரவழைக்கும் ஆளையும் கூட்டிப் போங்கள். நான் மனைவியைக் கூட்டிப் போயிருக்க வேண்டும்.

சரிசெய்த பிறகு அதே குறிப்பேட்டில், அதே வழியில், அதே ஆட்களோடு இரண்டு வாரம் ஓட்டுங்கள். ஒரு நல்ல மழையும் ஒரு கொளுத்தும் மதியமும் கடக்கும்வரை கதவு உட்பலகையின் கடைசி இரண்டு திருகுகளை நான் போடுவதில்லை. என்னுடையவை இப்போதும் கோப்பை வைக்கும் குழியில் கிடக்கின்றன. சனிக்கிழமை மழை வரும் என்கிறார்கள்.